பெரிய நம்பர்

தையல்காரி வாங்கியது பழைய கார்தான். ஆனாலும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருஷக்கணக்காகத் தையல் மிஷினை மிதித்த கால் கிளட்சை மிதிக்கப் பழகியிருந்தது. கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் கடைக்கு அவளேதான் ஓட்டி வந்தாள். இறங்குவதற்குள் கணவன் போனில் கூப்பிட்டுவிட்டான்.

"உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியக் கூடாது. இருக்கறதுலயே பெரிய நம்பராப் போடச் சொல்லு."

கடைக்காரர் இருபது, ஐம்பது, எழுபது என்று நம்பர் போட்ட மூன்று ஃபிலிம் துண்டுகளை நீட்டினார். இருபதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவருடைய மீசையே காணாமல் போயிற்று. எழுபதில் மீசையில் ஒட்டியிருந்த டீ நுரைகூடத் தெரிந்தது.

"என்னண்ணே, நம்பர் ஏற ஏற வெளுக்குது?"

"அது வெளிச்சத்தோட கணக்கும்மா. எழுபதுன்னா நூத்துல எழுபது பங்கு வெளிச்சம் உள்ள வந்துடும்."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'நீயாவது, கார் ஓட்டுவதாவது' என்று உதட்டைப் பிதுக்கிய நாத்தனார் இவளை ஸ்டியரிங்கோடு பார்த்து வாயைப் பிளக்க வேண்டாமா? இருட்டுக்குள் உட்கார்ந்து ஓட்டினால் யார் ஓட்டினால்தான் என்ன?

"எழுபதே ஒட்டிடுங்கண்ணே. வீட்டுக்காரர் பேச்ச நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?"