கலியபெருமாள் துடைத்த சந்தனம்

எலக்ட்ரீசியன் கலியபெருமாள் இறந்துவிட்டார் என்று நேற்றுக் காலை எங்கள் ஓட்டுநர் சங்கச் செயலாளர் போனில் சொன்னார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். காட்டி முடித்துவிட்டுத்தான் "அப்படியா" என்றேன். சங்க மலரில் அவரைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். "பழைய நாள்லேர்ந்து அவரைத் தெரிஞ்சவங்க நீங்கதாண்ணே. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். நாலு வார்த்தை நல்லதாக எழுதலாம், ஐந்தாவது வார்த்தைக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நல்லது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவர் கடை. தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிளம்பாத வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தள்ளிப் பார் என்பான் ஒருவன், எலுமிச்சம்பழம் நசுக்கு என்பான் இன்னொருவன். அவர் வெற்றிலையை மென்றபடி வருவார். இரண்டு ஒயர் கட்டிய சின்ன பல்பு ஒன்றுதான் அவர் கருவி. அதை அங்கங்கே வைத்துப் பார்த்து, எரியாத இடத்தில் விரலை வைப்பார். "இந்தா, இங்க செத்துக் கெடக்கு. இதுக்குப் போயி ஊரையே கூட்டித் தள்ளிக்கிட்டு இருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்பார். "ஒயரு பொய் சொல்லாதுப்பா, மனுசந்தான் சொல்லுவான்" என்றும் அடிக்கடி சொல்வார். இரங்கல் போஸ்டரில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போஸ்டர் போட்டவர்களுக்கு நான் சொல்லப்போகும் கதை தெரியாது.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. உழுபவனுக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. நிலம் என்னவோ மிராசுதார் பெயரிலும், பாக்கி அவர் வீட்டு நாய், மாடுகளின் பெயரிலும் பத்திரமாக இருந்தது. அந்தப் பண்ணையில் நான் டிராக்டர் ஓட்டினேன். குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் கொடி பிடித்தபோது நானும் பிடித்தேன். குடியிருந்ததும் பண்ணைக்குச் சொந்தமான மனையில்தான். ஒரு கூரை வீடு, மனைவி, கைக்குழந்தை.

ஆயுத பூஜைக்கு மிராசுதார் டிராக்டரைத் தாமே அலங்கரிப்பார். பாட்டரிதான் வண்டிக்கு உயிர் என்று எவனோ அவரிடம் சொல்லித் தொலைத்திருக்கிறான். அந்த வருஷம் பாட்டரியின் கிளாம்புகளைக் கழற்றச் சொன்னார். இரண்டு டெர்மினலிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். அதன் மேலேயே கிளாம்பை மாட்டச் சொன்னார். சாமி காரியம் என்று நானும் மடையன் மாதிரி மாட்டினேன்.

மறுநாள் சேற்றைக் கலக்கும் சேடை உழவுக்கு வண்டி கிளம்பவில்லை. லைட் எரிந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், லைட்டும் மங்கிவிடும்.

"கொடி புடிச்ச கை சும்மா இருக்குமா? ஒயரை என்னடா பண்ணே?" என்றார் மிராசுதார்.

"சத்தியமா ஒண்ணும் பண்ணலீங்கய்யா."

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "கலியபெருமாள் வந்து பாக்கட்டும். நீ கை வச்சிருந்தா இன்னைக்கே மனைய விட்டு எறங்கணும்" என்றார். கலியபெருமாள் வந்து இறங்கியதும் எனக்குப் போன உயிர் திரும்பியது.

அவர் பல்பைக்கூட எடுக்கவில்லை. என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு டெர்மினலைத் தொட்டார். சுட்டிருக்க வேண்டும், கையை உதறினார். கிளாம்பைக் கழற்றினார். உள்ளே சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கரண்ட் போக வழியில்லை, அவ்வளவுதான். கட்டைவிரலால் வழித்து வேட்டியில் துடைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், மாட்டினார். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் அவர் நிமிர்ந்து மிராசுதாரின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பண்ணையின் வண்டிகள், பம்பு மோட்டார்கள் எல்லாம் அவர்தான் பார்த்தார், பிழைப்பே அதில்தான். மிராசுதாருக்கு முதுகைக் காட்டி மறுபடி குனிந்து, ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயர் ஒன்றைத் தாமே பிடித்து இழுத்தார்.

"இந்தாங்கய்யா. எவனோ புடுங்கி விட்டிருக்கான்."

அதையும் மாட்டினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

"அண்ணே, சந்தனத்தைத் தொடைச்சீங்களே, அதைச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

"ஏம்பா, எனக்கே தொழில் சொல்லித் தர்றியா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

போலீஸ் என்னை இரண்டு நாள் வைத்திருந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் மனைவி குழந்தையோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாள். குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டமெல்லாம் வந்திருந்தது. வந்த சட்டம் மெயின்ரோட்டோடு நின்றுவிட்டது.

மிராசுதாரை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். சந்தனத்தை எங்கே பூசுவது என்று தெரியாத மனிதர் அவர். கலியபெருமாள் அவர்களுக்கு அது தெரியும். ஊரையே முட்டாள் என்று திட்டும் உரிமை பெற்ற அவ்வளவு பெரிய கெட்டிக்காரர், ஒரு ஒயர் இழுப்பில் என் வீட்டைப் பிரித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. இளப்பம்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

பல வருஷம் அலைந்து பட்டா வாங்கி, ஓட்டு வீடு கட்டிக்கொண்டோம். போன தை மாதம் அவர் கோலை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சந்தனந்தாம்ப்பா. எனக்குத் தெரியும்" என்றார்.

"எனக்கும் தெரியுங்க."

"நான் புள்ளகுட்டிக்காரன். பண்ணையப் பகைச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும், சொல்லு?"

"எனக்கும் அப்ப ஒரு புள்ள இருந்துச்சுங்க. வாய்க்கா கரையில."

நல்ல வெயில். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "உள்ள வரச் சொல்ல மாட்டியா?" என்றார்.

எங்கள் ஊரில் பகையாளி வந்தாலும் வாங்க என்பார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "இது நம்ம மனை. யாரைக் கூப்புடணும்னு நமக்குத் தெரியும்" என்றாள்.

அவர் செருப்பை மறுபடி மாட்டிக்கொள்ளப் பார்த்தார். கால் நுழையவில்லை. தடவித் தடவி மாட்டிக்கொண்டு போகிறவரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அஞ்சலி எழுதுகிறவர்கள் கடைசியில் "போய் வாருங்கள்" என்று முடிப்பார்கள். கலியபெருமாள் அவர்களே, போங்கள்.