மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் பழம்பொருள் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இப்போது ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது. எஃகுப் பட்டை, சாம்பல் நிற முகம். முள் கிடையாது, எண்கள்தான். பக்கத்தில் இரண்டு பட்டன்கள். ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பார்க்கிற வகை. இப்படிப்பட்ட பழைய வாச்சுகளைத் தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். காக்கநாட்டு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் வந்து குனிந்து பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், நிமிர்ந்துவிடுவார்கள். இதே மாதிரி வாச்சை ஒன்றரை மாதம் கையில் கட்டியிருந்தவன் நான் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும்போல இருக்கும். வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. துபாயில் ஹோட்டல் வேலையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் வந்திருந்தார். வாச்சைக் கழற்றாமல் குளித்தார், கழற்றாமல் தூங்கினார். மணி கேட்டவர்களுக்கு வினாடி வரைக்கும் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

எங்கள் சந்தில் பன்னிரண்டு வீடு, ஒரே பைப்பு. சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வந்தால் ஐந்து மணிக்கு நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் சண்டை நடக்கும். மூன்று நாள் வேடிக்கை பார்த்த மாமா, நாலாம் நாள் கையை உயர்த்தி வாச்சைக் காட்டினார்.

"வீட்டுக்கு அஞ்சு நிமிஷம். இதுல பாத்துக்குவோம். ஜப்பான்காரன் செஞ்சது, பொய் சொல்லாது."

நாலு மணி மாமா தூங்குகிற நேரம். ஆகவே வாச்சு என் கைக்கு வந்தது. மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றி அதன்மேல் கட்டிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டாலே குரல் அடைத்துப்போகிற பையன் நான். ஆனால் பைப்படியில் "நேரமாச்சு" என்று நான் சொன்னால் பெரிய பெரிய பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அந்த ஒரு சொல் மட்டும் கணீரென்று வந்தது.

இந்தச் சட்டத்தை எல்லோரையும்விட இறுக்கிப் பிடித்தவள் எதிர்வீட்டு அத்தை. சொந்தமில்லை, கூப்பிடுவது அப்படி. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டதால் அம்மா இன்னும் அரைக் குடம் பிடித்துக்கொள்ளக் கேட்டாள். அத்தை இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னிக்கு உனக்கு விருந்தாளி, நாளைக்கு இன்னொருத்திக்கு. அப்புறம் வாச்சு எதுக்கு? உன் பையன் விளையாடவா?"

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

இரண்டு வாரம் கழித்து அத்தையின் மகள் பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு குடம்தான் நிறையும். பிள்ளை பெற்ற வீட்டில் அது எந்த மூலைக்கு? ஆனால் அத்தை கேட்க மாட்டாள். கேட்டால் அவள் பேசியதையே யாராவது திருப்பிப் பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி தானாகவே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தாள். "எங்களுக்கு இருக்குறது போதும்" என்று வாளி வாசலோடு திரும்பி வந்தது.

மறுநாள் சாயங்காலம் கடைசியாக மிச்சமிருந்தவை மூன்று வீடுகள். முதலில் அத்தை, அடுத்து அம்மா, அதற்கடுத்து மூலைவீட்டுச் சேச்சி. அத்தை முறைத்த முறைப்பில் எனக்குக் கை வியர்த்தது. விரல் நழுவி ஏதோ பட்டனில் பட்டிருக்க வேண்டும். மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடியில் எண்கள் நின்றுவிட்டன. நடுவில் இருந்த இரண்டு புள்ளிகள் மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன.

அத்தையின் இரண்டாவது குடம் நிறைந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வாச்சைப் பார்த்தேன்.

"எத்ரயாயி மோனே?" என்றாள் சேச்சி.

"மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டு."

அத்தை கொண்டுவந்ததே இரண்டு குடம்தான். தண்ணீர் தரையில் விழுந்து ஓடியது. அம்மா தன் காலிக் குடத்தைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"பையன் இன்னும் நேரமாச்சுன்னு சொல்லல. தண்ணி வீணாப் போவுது, பிடி."

அத்தை பிடித்தாள். அது நிறைந்தது, அம்மாவின் இன்னொரு குடமும் நிறைந்தது. சேச்சி மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி என்றேன். "எங்கில் சமயம் உண்டல்லோ" என்று, அப்படியானால் நேரம் இருக்கிறதே என்கிற அர்த்தத்தில், சேச்சி தன் வாளியையும் நகர்த்திக் கொடுத்தாள்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "வாச்சு ஓடுதாடா?"

"ஓடுது அத்தை."

"ஜப்பான்காரன் கள்ளம் பறயுமோ?" என்றாள் சேச்சி, சிரிக்காமல்.

வாளி நிறைந்ததும் பைப்பு இருமிவிட்டு நின்றது. அம்மாவுக்கும் சேச்சிக்கும் ஒரு சொட்டு கிடைக்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் குடங்களைத் தூக்கி அத்தை வீட்டில் இறக்கினார்கள். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டில் மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வாச்சை வாங்கி ஒரு பட்டனை அமுக்கினார். மூன்றில் நின்ற எண் ஒரே தாவலில் இருபதைத் தாண்டியது.

"வாச்சு நிக்கலடா. நீ இந்தப் பட்டனத் தொட்டிருக்கே. மேல நிக்கும், உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கும். உங்கம்மாவையே நல்லா ஏமாத்திட்டே போ."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அப்போது அம்மா, அடுத்த சந்தில் யாரிடமோ வாங்கிய அரைக் குடம் தண்ணீரோடு உள்ளே வந்தாள்.

"என்னடா கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா. வாச்சு சரியா இருக்கான்னு பாத்தோம்."

"இன்னிக்கு ரொம்பச் சரியா ஓடுச்சு" என்று குடத்தை இறக்கினாள்.

அம்மாவுக்கு எண் படிக்கத் தெரியாது. அதனால்தான் அவள் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தேன். வாச்சின் மானத்தை நானே காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று தூக்கம்கூடச் சீக்கிரம் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் பைப்பில் குடம் பிடித்தவள் அவள். ஐந்து நிமிடத்துக்கு எத்தனை குடம் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எந்த எண்ணைப் படிக்க வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.