றப்பரால் அழித்த துறைமுகம்

புத்தகங்களுக்குப் படம் வரையப் படிக்கும் மாணவன் நான். இறுதி ஆண்டு வேலையாகச் சிறுவர் புத்தகம் ஒன்று செய்யவேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தை எடுத்துக்கொண்டேன். தெருவிலேயே உட்கார்ந்து பென்சிலால் வரைந்து, வீட்டில் வர்ணம் தீட்டுவது என் வழக்கம். பார்ப்பவர்களுக்குப் பெரிய கலைஞன்போலத் தெரியும் என்பதும் ஒரு காரணம்.

துறைமுகத்தை வரைந்த அன்று என்னைப் பார்த்தது கடற்படை வாசலில் நின்ற ஒரு காவலர். உளவு பார்க்கிறேன் என்று சந்தேகப்பட்டு, சித்திரக் கொப்பியோடு என்னையும் முகாமுக்குள்ளே கூட்டிப்போனார்.

தமிழ் பேசும் மேலதிகாரி ஒருவர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். "தம்பி, இது ஆருக்குக் குடுக்க?"

"சின்னப்பிள்ளையளின்ர புத்தகத்துக்கு, சேர்."

அவர் யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "இதை வச்சு ஒருத்தனாலும் இஞ்ச வந்துசேர ஏலாது!"

எல்லோரும் சிரித்தார்கள். தப்பினால் போதுமென்று நானும் சிரித்தேன். "ஓம் சேர், எனக்கு ஒழுங்காக் கீறத் தெரியாது."

என் றப்பராலேயே கப்பல்களை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். தூளைக்கூட மரியாதையாக ஊதிவிட்டேன்.

மறுபடி அங்கே போகப் பயம். கப்பல்களை அழித்த இடத்தை வெள்ளையாகவே விட்டு, சுற்றியிருந்த கடைகளுக்கும் தெருவில் திரியும் மான்களுக்கும் மட்டும் வர்ணம் தீட்டிக் கொடுத்தேன்.

விரிவுரையாளர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு இடத்தை வெறுமையா விடத் துணிவு வேணும். யோசிச்சுத்தானே விட்டனீர்?"

"ஓம் மிஸ்."

வகுப்பே கைதட்டியது. நானும் தலைகுனிந்து, கலைஞன்போலவே நின்றேன்.

அந்தப் புத்தகம் பிள்ளைகளின் கைக்குப் போனால், கப்பல் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர்களிடம் துணிவு என்று சொல்லித் தப்ப முடியாது.