துறைமுகப் படத்தின் நடுச்சுருள்

அருளப்பன் சார் இறந்துபோனதைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர் நம் திரைப்படச் சங்கத்தின் பொருளாளர், ஸ்ரீரங்கம் ரங்கராஜன். அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "சார் உங்ககிட்ட ஏதாவது குடுத்து வச்சிருந்தாருங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன்.

சார் எங்கள் கல்லூரியில் புவியியல் கற்பித்தவர். எழுபதுகளில், சென்னையில் ஒரு விநியோகஸ்தர் கடையை மூடியபோது, குப்பைக்குப் போகவிருந்த ஜப்பானியப் படம் ஒன்றை மூன்று சுருள்களாக எடுத்து வந்தார். கறுப்பு வெள்ளை, கடத்தல்காரர்கள், மழையில் துப்பாக்கிச் சண்டை. தலைப்பை யாராலும் படிக்க முடியாததால் துறைமுகப் படம் என்றே அழைத்தோம். சங்கத்தில் திரையிட்டபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சாருக்கு அதில் பரம சந்தோஷம். "எல்லாருக்கும் பிடிச்ச படம் எல்லார்கிட்டயும் இருக்கும். இது நம்மகிட்ட மட்டும்தாங்க இருக்கு."

சேகரிப்பாளர்கள் தேடி வரத் தொடங்கியதும் அந்தச் சந்தோஷம் சந்தேகமாகிவிட்டது. பம்பாய்க்காரர் ஒருவர் காபி குடித்து முடிக்கும்வரை சார் படப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். "படத்தைப் பத்திப் பேசாம, வீட்டுல யார் யார் இருக்கீங்கன்னு கேக்குறான் பாருங்க" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

அடுத்த வாரம் துணிப்பையோடு காட்டூருக்கு, என் வீட்டுக்கு வந்தார். பைக்குள் நடுச்சுருள். "உங்களை மட்டும்தான் நம்புறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"மத்த ரெண்டும் எங்க சார்?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

பெருமையாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

பொன்மலையில் சார் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி சொன்னார்: "உன்னை மட்டும்தான் நம்புறேன்னு பெட்டிச் சாவியை எங்கிட்ட குடுத்தாரு டீச்சர். நேத்து தொறந்து பார்த்தா காலிப் பெட்டி." சிரித்தவர் அப்படியே அழுதுவிட்டார். சங்கத்துக்காரர்கள் பலர் அங்கே இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பூட்டியே கிடக்கும் ஃபிலிம் ஒருநாள் புளித்த வாடை அடிக்கும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்று சார் சொல்வார். என்னிடம் இருப்பதில் லேசாக அந்த வாடை வருகிறது. உங்களிடம் இருப்பதையும் முகர்ந்து பாருங்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை நடுச்சுருளும் அவருடைய சந்தேகமும்தான். மற்ற சுருள்களை வைத்திருப்பவர்களே, நம் சங்க மலரில் இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கெட்டுப்போவதற்குள் ஒருமுறை அவருக்காக முழுப் படத்தையும் ஓட்டிவிடுவோம். இந்த ஞாயிறு மாலை என் வீட்டுக்கு வாருங்கள். சங்கத்துப் புரொஜெக்டர் தயாராக இருக்கும். உங்கள் சுருள்களை மேசைமேல் வையுங்கள். அதன் பிறகு என்னுடையதை எடுத்து வருகிறேன்.