பாலாம்பிகையிடம் சொல்லாத பதினொரு நாள்

சேதுராமன் அம்பிட்டியவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவர். எழுத்தில் ஒருநாளும் பிசகியதில்லை, பிசகியது வாய்தான்.

குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, சம்பளமில்லாமல் வந்து வயசாளிகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டினாள் பாலாம்பிகை. "மூணு வருஷம் வாங்க தங்கச்சி, அடுத்த வேலை ஒங்களுக்குத்தான்" என்று நிர்வாக சபையின் வாக்கை அவளிடம் சொன்னவர் அவர். மூன்றாம் வருஷம் அதே சபை, தலைவரின் உறவுக்காரிக்கு நியமனக் கடிதம் கொடுத்தது.

அதை அன்றே சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் அவருக்கு மனசு அரிக்கிறது. பௌர்ணமிப் போயாவுக்குப் பதினொரு நாள் இருந்தது. போயாவன்று தானச் சோற்றோடு ஊரே வந்து நிற்கும். பரிமாற ஆள் வேண்டும். அது கழியட்டும் என்று கடிதத்தின் பிரதியை மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டார்.

போயாவன்று, பருப்பு வாளியோடு நின்ற பாலாம்பிகையிடமே தலைவர் புதியவளைக் கூட்டிவந்து, "இவங்களுக்கு வேலையைக் காட்டிக் குடுங்க" என்றார். அவள் கடைசிப் பந்திவரை பரிமாறினாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஒங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு அவளும் வரவில்லை, அவளைப்போலவே சம்பளமில்லாமல் வந்துகொண்டிருந்த நாலு பேரும் வரவில்லை.

அடுத்த வாரம் சமையல்காரி பேச்சியம்மா, மகளின் பிரசவத்துக்கு லீவு கேட்டாள். "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார், எப்போதும்போல. அவள் நகரவில்லை.

"எழுதித் தாங்க ஐயா."

"ஒங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே?"

"தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது காட்டிக்கிறேன் ஐயா."