எதில் பாதி?

ரயில்வே ஸ்டிரைக் முடிந்து என் மகன் மறுபடி அம்பத்தூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியபோது, இனி மதியச் சாப்பாடு கட்ட வேண்டாம் என்றான். ஃபாக்டரி கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறானாம். எங்கள் வீட்டுக்குள் வெங்காயம்கூட வராது. அப்படி வளர்ந்தவன் கேன்டீனில் சாப்பிடுகிறான் என்றால், அங்கே யாரோ ஒரு பெண் இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த மாதம்தான் என் கணவருக்குக் கால் வீங்கியது. கோயில் கைங்கரியம் முடிந்து வந்து உட்கார்ந்தால், அழுத்திய இடம் குழியாகவே நின்றது. ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் பிரஷர் பார்த்தார்.

"உப்பைப் பாதியாக் குறைச்சிடுங்கம்மா. இப்படியே போனா ஒரு பக்கம் கை கால் விழுந்துடும்."

அன்றே குறைத்தேன். இரண்டு தடவை அள்ளிப் போட்ட கல்லுப்பை ஒரு தடவையாக்கினேன். பெருமாளுக்கு அமுது செய்விக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கைதான் அளவு.

"என்னடி இது, வெந்நீருக்குப் புளியைக் காட்டினாப்பல இருக்கு" என்றார் இவர். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பிரஷர் அப்படியே இருந்தது. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சத்தியமா பாதிதான் போடறேன் டாக்டர்" என்றேன். பயத்தில், அமாவாசையன்று உப்பும் மிளகும் வாங்கிக் கோயிலில் போட்டுவிட்டு வந்தேன். உடம்பு குணமாக இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். மகன் அதைக் கேட்டுச் சிரித்தான்.

"பெருமாளுக்கும் உப்பா? அவருக்காவது அளவா போட்டியோ?"

"என்னடா உளர்றே?"

"ரெண்டு வருஷமா உன் குழம்பு கரிக்கறதும்மா. சொன்னா அழுவே. அதான் கேன்டீன்."

"இப்பப் பாதிதானேடா போடறேன்!"

"எதுல பாதி?"

இவர் எனக்காகப் பேசினார்: "அவன் நாக்கு கேன்டீன்ல கெட்டுப்போச்சு. உப்பே இல்லை." இரண்டு பேர் இல்லை என்கிறோம், ஒருவன் கரிக்கிறது என்கிறான். யாரை நம்புவது?

கடம்பத்தூரிலிருந்து கீரை கொண்டுவரும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தினமும் கொஞ்சம் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு போவாள். சில மாதங்களாகச் சோறு மட்டும் போதும் என்கிறாள். கூச்சம் என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலை வாசலில் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"என் குழம்பு எப்படி இருக்கு? நிஜத்தைச் சொல்லு."

"அது இன்னாத்துக்கும்மா இப்போ?"

"சொல்லு."

"கோச்சிக்காத. மொதல்ல ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தித் துன்னுகினு இருந்தோம். அந்தம்மாவுக்கு உப்பு ஓசியில வருதான்னு என் ஊட்டுக்காரரு கேக்குறாரு. அப்பாலதான் சோறு மட்டும் போதும்னேன்."

குழம்புப் பாத்திரத்தையும் உப்பு ஜாடியையும் கொண்டுவந்து வைத்தேன். இவ்வளவு குழம்புக்கு நீ எவ்வளவு போடுவாய் என்றேன். என் உள்ளங்கையில் வைத்தாள். விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். நான் போட்டுவந்த பாதியில் அது பாதிகூட இல்லை.

எப்போதிலிருந்து இப்படி? இன்று குறைவாக இருந்தது என்று நாளைக்கு நாலு கல் கூடப் போட்டிருப்பேன். இவரும் சரி என்றிருப்பார். இருவர் நாக்கும் ஒன்றாகவே மங்கியதால், கூடிக்கொண்டே போனது இருவருக்குமே தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னபோது, "வயசானா சில பேருக்கு ருசி மட்டுப்படும்மா" என்று சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். எனக்கு நாற்பத்தொன்பதுதான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டேன், தலையில் நரை வந்தது, அதெல்லாம் தெரிந்தது. இது தெரியவில்லை. இவர் கால் வீங்க என் கைதான் காரணமா என்று கேட்காமலே சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது கீரைக்காரி காட்டிய அளவைக் கரண்டியால் அளந்து போடுகிறேன். எலுமிச்சை பிழிகிறேன், மிளகு தட்டிப் போடுகிறேன். அப்படியும் இவர் பாதிச் சோற்றை ஒதுக்குகிறார், இளைத்தும் விட்டார். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். இறங்கியதற்குச் சந்தோஷப்படுவதா, இளைத்ததற்குப் பயப்படுவதா?

அளந்து போட்ட பிறகும் கை தானாக நாலு கல்லைக் கூடப் போட்டுவிடுகிறதோ என்று சந்தேகம். அதைச் சொல்ல மகனின் நாக்கை விட்டால் வேறு கதியில்லை. அவன் மறுபடி சாப்பாடு கொண்டுபோகிறான். சரியாக இருந்ததா என்று தினமும் கேட்கிறேன்.

"நன்னா இருந்ததும்மா" என்கிறான்.

அந்த இரண்டு வருஷமும் அவன் இதையேதான் சொன்னான்.