தண்ணி மாதிரி ஒரு ஆயில்

கார் என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது தம்பி. ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து அனுப்பிய சின்னக் கார். லுணுகலையில் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிறான். ஏறுகிற ஆட்களிடம் காட்டுகிற பொறுமையில் பாதியை என்னிடம் காட்டியிருந்தால் எனக்குப் பிரஷர் மாத்திரையே தேவைப்பட்டிருக்காது.

அன்று ஆயில் மாற்றுவதற்காக அவனைப் பதுளைக் கடைவீதிக்கு இழுத்து வந்ததும் நான்தான். அவன் மகளுக்குத் தலைப்பிரசவம், மாதம் நிறைந்துவிட்டது. அவர்கள் குடியிருக்கிற தேயிலைத் தோட்டத்து லயம் இருக்கிற மேட்டுக்குக் கூப்பிட்ட உடனே எந்த வண்டியும் வராது. வலி எடுத்தால் இந்தக் கார்தான் அவளைப் பதுளை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

எதையும் படித்துப் பார்க்காமல் வாங்க எனக்கு வராது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விட மாட்டேன். காரில் ஆயில் ஊற்றுகிற மூடியிலேயே 0W-20 என்று போட்டிருந்தது. கடை முதலாளி அதே எண் போட்ட கேனை எடுத்து மூடியைத் திறந்ததும் தம்பி ஒரு சொட்டை விரலில் வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். முகம் சுருங்கிப் போயிற்று.

“என்னக்கா இது, தண்ணி மாதிரி இருக்கு! மலை ஏறுற வண்டிக்கு இதையா ஊத்துறது? தடிப்பா குடுங்க முதலாளி, டுவென்டி ஃபிப்டி குடுங்க.”

“முக்காவாசிப் பேரு அதத்தான் கேக்குறாங்க. ஆனா இந்தக் காருக்கு அது இல்லீங்க” என்றார் முதலாளி, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து.

விடுவேனா? தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். W குளிருக்கான எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு குறைவோ, குளிர்ந்து கிடக்கிற எஞ்சினுக்குள் ஆயில் அவ்வளவு சீக்கிரம் ஓடிப் பரவும். தோட்டத்து விடியற்காலைக் குளிரில் அதுதானே வேண்டும்? பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு. இந்த எஞ்சினின் உள் இடைவெளிகளை இருபதுக்கென்று அளந்துதான் செய்திருக்கிறார்கள். அவன் கேட்கிற 20W-50ஐ ஊற்றினால் அன்றைக்கே ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் இழுக்கத் திணறும், பெட்ரோலையும் கூடக் குடிக்கும். கேனில் SP என்று இருக்கிறதா பார் என்று காட்டினேன். S என்றால் பெட்ரோல் எஞ்சினுக்கு. அடுத்த எழுத்து ஆங்கில வரிசையில் பின்னால் போகப் போகச் சோதனையும் புதியது, கடுமையானது. மெல்லிசாக இருந்தாலும் தேய்மானம் வராமல் காக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த எழுத்தைப் போட விடுவார்கள்.

“முடிஞ்சிருச்சாக்கா ஒங்க பாடம்? முதலாளி, அந்தத் தடிப்பு ஆயில எடுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஒன் மண்டையில என்ன களிமண்ணா? இன்னும் அந்தக் கொழுந்து லாரியவே ஓட்டிக்கிட்டு இருக்கிறதா நெனப்பா?”

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. விரலில் இருந்த ஆயிலையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “அந்த லாரியும் ஆயில் மெல்லிசாகித்தான்க்கா நின்னுச்சு.”

கலியாணமான புதிதில் தம்பி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லாரி ஓட்டினான். அவன் மனைவிக்கு முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது அந்த லாரியில்தான் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். பாதி ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. லாரி நின்றது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் நின்றது என்று அவனை யாரும் கேட்டதில்லை.

“ஆயில்ல டீசல் கலந்திருச்சு. காலைலயே ஆயில் அளக்குற கம்பிய இழுத்துப் பாத்தேன். இதே மாதிரிதான் சொட்டுச்சு. அளவு என்னமோ கூடத்தான் இருந்துச்சு. கூட இருந்தா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.”

பாவி, இத்தனை வருஷமும் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டா என்னோடு சண்டை போட்டான்! மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம்.

“டேய், அது கெட்டுப்போயி மெல்லிசானது. இது மெல்லிசாவே செஞ்சது. ரெண்டும் ஒண்ணில்லடா.”

“புரியுதுக்கா. கைதான் நம்ப மாட்டேங்குது.”

கேனைப் படித்துக் காட்டுவதை அத்தோடு நிறுத்தினேன். “சரி, தெனமும் கம்பிய இழுத்து மோந்து பாரு. துளி பெட்ரோல் வாடை அடிச்சாலும் எனக்குச் சொல்லு. நான் வேற வண்டி பிடிச்சு ஒன் வாசல்ல நிறுத்திர்றேன். கடனோ ஒடனோ நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவன் அந்த மெல்லிய ஆயில் கேனைத் தானே தூக்கிக் காருக்குக் கொண்டுபோனான்.

வலி ஒரு மத்தியானத்தில் எடுத்தது. தம்பி மனைவி போனில் அலறினாள்: “இங்க புள்ள துடிக்குது, இந்த மனுஷன் பொனட்டத் தொறந்து மோந்துக்கிட்டு நிக்கிறாரு! நீங்களே சொல்லுங்க!” போனை அவன் காதில் வைக்கச் சொல்லி நான் போட்ட சத்தத்தில் ஏறி உட்கார்ந்திருப்பான். என் வீடு பதுளையிலேயே என்பதால் அவர்கள் வருவதற்குள் ஓடிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் ஜெபமாலையும் கையுமாக நின்றேன். கார் வந்தது. மகளை உள்ளே கொண்டுபோனார்கள். அதிக நேரம் ஆகவில்லை, பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்று தாதி வந்து சொன்னாள். சேசுவே என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் தம்பியைக் காணோம்.

வெளியே ரோட்டோரம் காரில்தான் இருந்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வந்து நின்றதிலிருந்து எஞ்சினை அணைக்கவே இல்லை.

“டேய், பெட்ரோல் என்ன சும்மாவா வருது? பேத்தி பொறந்திருக்காடா, எறங்கி வா!”

அவன் என்னைப் பார்த்தான். கண்ணெல்லாம் கலங்கிக் கிடந்தது. “நிக்கலக்கா. ஏத்தத்துல ஒரு எடத்துலகூட நிக்கல. அன்னிக்கும் இப்பிடி வந்திருந்தா…”

நான் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தேன். ஸ்டியரிங்கிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.